கேஃப் சகோதரர்களின் மெழுகுவர்த்தித் தாங்கிகள்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோயிற்று. எனக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பொடி எழுத்தும் இப்போது தெளிவாகத் தெரிவதால், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தின் வெள்ளிச் சாமான் கூடத்துக்கு மறுபடியும் போய்வருகிறேன்.

அங்கே கூட்டமெல்லாம் பால் டி லமெரி என்ற 18ஆம் நூற்றாண்டு லண்டன் வெள்ளிக் கொல்லர் செய்த சாமான்கள் முன்னால்தான் நிற்கும். நிற்க வேண்டியதுதான். பிரான்ஸில் 1685இல் புராட்டஸ்டண்டுகளின் உரிமையைப் பறித்தபின் நாட்டைவிட்டு வெளியேறிய, ஹியூகனாட் எனப்படும் அந்தப் பிரிவினரின் வம்சம் அவருடையது. அந்தக் கை இங்கிலாந்து வெள்ளி வேலையையே மாற்றிவிட்டது. ஆனால் எனக்குப் பிரியம் ஜான் கேஃப், வில்லியம் கேஃப் என்ற அண்ணன் தம்பிமேல்தான். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் மெழுகுவர்த்தித் தாங்கியையே தொழிலாகக் கொண்டவர்கள். ஜான் தொழில் பழகியது ஜேம்ஸ் கூல்ட் என்பவரிடம். அவரும் தாங்கி செய்வதில் பேர்போனவர். 1757இல் அண்ணன் காலமானதும் தம்பி தொடர்ந்து செய்தார்.

தாங்கியின் நடுத்தண்டை நீளவாக்கில் இரண்டு பாதியாக மணல் அச்சில் வார்த்து, சேர்த்துப் பற்றவைத்து, அரத்தால் ராவி ஒட்டை மறைத்துவிடுவார்கள். அடிப்பாகம் தனி வார்ப்பு. தண்டின்மேல் வாயால் ஊதிப் பார்த்தால், ஆவி படியும்போது அந்த ஒட்டு மேலிருந்து கீழாக மயிரிழைபோலத் தெரியும். வெள்ளியில் குத்திய முத்திரைகளில் பெயர் என்று இருப்பது பட்டறைக்காரரின் பெயரெழுத்து மட்டும். அரம் பிடித்த பையன்களின் பெயர் எங்கேயும் இல்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அப்புறம் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துப் பட்டறைக்காரர்கள் வந்தார்கள். மெல்லிய வெள்ளித் தகட்டை எஃகு அச்சில் அடித்து உருவாக்கி, உள்ளே இரும்புக் கம்பியும் கீலும் (தார்போன்ற பிசின்) நிரப்பினார்கள். கொஞ்சம் வெள்ளியில் உயரமான தாங்கி! 1773இல் அவர்களுக்கென்றே வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகமும் கிரீட முத்திரையும் கிடைத்தன. மட்டமான வேலை என்று சொல்லமாட்டேன், அந்த அச்சை வெட்டியவன் பெரிய கைகாரன். ஆனாலும் கையில் வாங்கும்போது தெரிகிற கனம் வெள்ளியின் கனமில்லை.

உன் மருமகன் ஏலத்தில் பார்த்துவைத்திருக்கும் தாங்கி ஜோடியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கச் சொல். அடியில் குழிவாக வெள்ளியே தெரிந்து, முத்திரையும் அங்கேயே இருந்தால் அநேகமாக வார்ப்பு. பச்சைத் துணியோ மரமோ வைத்து மூடியிருந்தால் உள்ளே கீல்தான். அதையே வாங்கினாலும் சரி, ஒட்டிய மெழுகை எடுக்கக் கொதிநீரில் மட்டும் போட வேண்டாம். கீல் இளகித் தண்டு சாய்ந்துவிடும்.

அன்புடன்,
சிவராமன்