எங்கள் அண்ணனை மீட்டுத் தந்தவர்களுக்கு

உசிலம்பட்டி பல் டாக்டர் அம்மாவுக்கும், மதுரை பெரியாஸ்பத்திரியில் அண்ணனைப் பார்த்துக்கொண்ட அத்தனை பேருக்கும் வணக்கம். அண்ணன் வீடு வந்து சேர்ந்துவிட்டார். கஞ்சி போய் இப்போது சோறே சாப்பிடுகிறார்.

டாக்டர் அம்மா, முதல் கும்பிடு உங்களுக்குத்தான். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டால் போதும் என்றுதான் அண்ணன் வந்தார். வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. நாக்கைத் தூக்கச் சொன்னீர்கள், முடியவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துடைத்தபடி இருந்தார். தாடைக்கு அடியில் அழுத்திப் பார்த்தீர்கள். பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. உடனே, "நெஞ்சு வலிக்குதா?" என்றீர்கள். நாங்கள் நெஞ்சைப் பற்றிப் பேசவே இல்லை. அண்ணன் தலையாட்டினார். பல்லைத் தொடாமல் நீங்களே 108-க்குப் போன் போட்டு, மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டாம், உட்கார்ந்தபடியே கொண்டுபோங்கள் என்றீர்களே, அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

பல் வேரில் பிடித்த சீழ் கழுத்துக்குள் இருக்கும் இடைவெளிகள் வழியாக இறங்கி, இரண்டு நுரையீரலுக்கும் நடுவே இதயத்தை ஒட்டிய இடம்வரை போயிருந்தது. சர்க்கரை வேறு. சிகிச்சை கொடுத்தும் பிழைக்காதவர்கள் உண்டு என்று பெரிய டாக்டர் மறைக்காமல் சொன்னார். சொன்னதற்கும் நன்றி ஐயா. தொண்டையில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்தவர்கள், ராத்திரியோடு ராத்திரியாகக் கழுத்தையும் நெஞ்சையும் திறந்து சீழை எடுத்துக் குழாய் வைத்தவர்கள், அந்தப் பல்லையும் அங்கேயே எடுத்தவர்கள், எல்லோர் பெயரும் எங்களுக்குத் தெரியாது.

நர்ஸ் தங்கச்சிகளே, மூச்சுக்காகத் தொண்டையில் வைத்த குழாயில் சளி அடைக்கும்போதெல்லாம் முகம் சுளிக்காமல் உறிஞ்சி எடுத்தீர்கள். பேச முடியாதவருக்குச் சிலேட்டு வாங்கித் தந்ததும் நீங்கள்தான். அதில் அவர் முதலில் எழுதியது, "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" காட்டியது பக்கத்து வீட்டுச் சித்தப்பா. பாலும் கறந்து ஊற்றி, எங்கள் அம்மாவுக்குச் சோறும் போட்ட சித்திக்கு நன்றி என்று சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று. பல்வலியோடு தாடைக்குக் கீழே வீங்கி, விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாமல் போனால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக் காத்திருக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டாக்டர் அம்மா, மற்ற பற்களையும் காட்ட அண்ணன் உங்களிடம் வருகிறார். மதினியும் கூட வருவார். உங்களை நேரில் பார்த்தே தீரவேண்டும் என்கிறார்.

நன்றியுடன்,
தம்பி