ஜோ ஆன் டீச்சருக்கு

அன்புள்ள ஜோ ஆன் ராபின்சன் டீச்சருக்கு,

வணக்கம். எங்கள் ஊர்ப் போட்டித் தேர்வுக் கையேடுகளில் 1955 டிசம்பர் 1-க்கு ஒரே ஒரு வரிதான் உண்டு: அலபாமா மாநிலம் மாண்ட்கமரியில் கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழ மறுத்தார். அடுத்த வரிக்கு மார்ட்டின் லூதர் கிங் வந்துவிடுவார். பிள்ளைகள் இரண்டையும் மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். அந்த இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு ராத்திரி இருக்கிறது. அது உங்களுடையது. நீங்கள் 1992-இல் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். ஆகவே இது உங்களைவிட, உங்களைத் தெரியாத எங்கள் ஆட்களுக்குத்தான் அதிகம் பயன்படும். அதனால் உங்களுக்கே தெரிந்த கதையை நான் திரும்பச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர்ப் பேருந்தில் 36 இருக்கைகள். முன்னால் உள்ள 10 எப்போதும் வெள்ளையருக்கு. அவை காலியாகக் கிடந்தாலும் கறுப்பினத்தவர் உட்காரக் கூடாது, பக்கத்தில் நின்றுகொண்டுதான் வரவேண்டும். பின்னால் 10 கறுப்பினத்தவருக்கு. நடுவில் இருந்த 16-தான் வம்பு. அங்கே யார் உட்காரலாம், யார் எழ வேண்டும் என்பது ஓட்டுநரின் இஷ்டம். கண்டக்டர் கிடையாது; காசு வாங்குவதும் அதட்டுவதும் ஓட்டுநரே. நகரச் சட்டம் அவருக்குப் போலீஸ் அதிகாரமே கொடுத்திருந்தது. முன்வாசலில் ஏறிக் காசைப் போட்டுவிட்டு, இறங்கி ஓடிப்போய்ப் பின்வாசலில் ஏற வேண்டும். ஏறுவதற்குள் சில ஓட்டுநர்கள் வண்டியைக் கிளப்பிவிடுவார்களாம். இத்தனைக்கும் பயணிகளில் நான்கில் மூன்று பங்கு கறுப்பினத்தவர். உங்கள் ஜனங்களின் காசில்தான் அந்த நிறுவனமே ஓடிக்கொண்டிருந்தது.

நீங்கள் அந்த ஊருக்கு வந்தது 1949-இல், அலபாமா ஸ்டேட் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்க. அந்த வருடமே கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கிளம்பியபோது, கிட்டத்தட்ட காலியாக இருந்த பேருந்தில் ஐந்தாவது வரிசையில் ஏதோ யோசனையில் உட்கார்ந்துவிட்டீர்கள். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, கத்திக்கொண்டே உங்கள் முன்னால் வந்து நின்றான். அடிக்கப்போகிறான் என்று நினைத்து அழுதுகொண்டே இறங்கி ஓடினீர்கள். அடுத்த ஆண்டே, மேரி ஃபேர் பர்க்ஸ் தொடங்கியிருந்த பெண்கள் அரசியல் குழுவுக்குத் தலைவரானீர்கள். பெரும்பாலும் ஆசிரியைகளும் படித்த பெண்களும் இருந்த குழு அது.

1954 மே 17 அன்று பள்ளிகளில் இனப்பாகுபாடு செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கே நாளில், மே 21 அன்று, மேயர் கேலுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். எவ்வளவு மரியாதையான கடிதம்! கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. கறுப்பினத்தவர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் இடம் நிரம்பும்வரை உட்காரட்டும். முன்னால் காசு கொடுத்துப் பின்னால் ஏறச் சொல்லாதீர்கள். வெள்ளையர் பகுதியில் நிறுத்துவதுபோல எங்கள் பகுதியிலும் தெருமுனைதோறும் நிறுத்துங்கள். பிரிவினையை ஒழியுங்கள் என்றுகூட நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பேருந்துப் புறக்கணிப்பு பற்றி 25-க்கும் மேற்பட்ட அமைப்புகளில் பேச்சு இருக்கிறது என்று நடுவில் ஒரு வரி போட்டிருந்தீர்கள். ரோசா பார்க்ஸ் எழ மறுப்பதற்கு ஒன்றரை வருடத்துக்கு முந்தைய கடிதம் இது. திடீரென்று வெடித்தது, தன்னெழுச்சி என்றெல்லாம் எழுதுகிறவர்களிடம் இதைக் காட்ட வேண்டும்.

தற்செயல் கதை ரோசா பார்க்ஸுக்கும் பொருந்தாது. துணிக்கடையில் தையல் வேலை பார்த்து அலுத்துப்போன அப்பாவிப் பெண் என்றுதான் அவரைச் சொல்லித் தருகிறார்கள். அவர் 1943 முதல் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் வேலை செய்தவர். அன்றைக்கு அவருக்கு 42 வயது. அவரை எழச் சொன்ன ஓட்டுநர் ஜேம்ஸ் பிளேக்தான் 1943-லும் அவரைப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டவன்.

இனி அந்த ராத்திரி. ரோசா பார்க்ஸைக் கைது செய்த அன்று வழக்கறிஞர் ஃபிரெட் கிரே வெளியூரில் இருந்தார். திரும்பி வந்ததும் உங்களோடு பேசினார். 24 வயசுப் பையன்! நீங்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை, ரோசா பார்க்ஸின் சம்மதத்துக்குக்கூட. நள்ளிரவில் கல்லூரிக்குப் போனீர்கள். வணிகவியல் துறையின் ஜான் கேனன், நகலெடுக்கும் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தைத் திறந்துவிட்டார். இரண்டு மாணவர்கள் கூட இருந்தார்கள். ஸ்டென்சில் வெட்டி, ஒரு தாளில் மூன்று நோட்டீஸ் வருமாறு ஓட்டி, வெட்டி, கட்டுகட்டாகக் கட்டி முடித்தபோது விடியற்காலை 4 மணி. பல்லாயிரம் நோட்டீஸ். சங்க வேலைக்காகச் சைக்ளோஸ்டைல் ஓட்டியவள் நான். கை முழுக்க மை அப்பி, ஸ்டென்சில் கிழிந்து, கடைசி நூறு தாள் மங்கலாய் வரும்போது வரும் எரிச்சல் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் இயந்திரம் சங்கத்துக்குச் சொந்தம். உங்களுடையது வெள்ளையர் ஆண்ட மாநில அரசின் கல்லூரி இயந்திரம். பிடிபட்டிருந்தால் உங்கள் வேலை மட்டுமா போயிருக்கும்?

நோட்டீஸில் என்ன இருந்தது? இன்னொரு கறுப்பினப் பெண்ணைக் கைது செய்திருக்கிறார்கள். அடுத்தது நீங்களாக இருக்கலாம், உங்கள் மகளாக, தாயாக இருக்கலாம். திங்கட்கிழமை யாரும் பேருந்தில் ஏறாதீர்கள். அவ்வளவுதான். கீழே கையெழுத்து இல்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டதுதான் உங்கள் சாமர்த்தியம் என்பேன். பெயர் தெரிந்தால் கல்லூரிக்கு ஆபத்து. அதனால் வெகுகாலம் உங்கள் பெயர் பாடப்புத்தகத்துக்கு வராமலே போயிற்று.

காலை 8 மணிக்கு வகுப்பு எடுத்தீர்கள்! பிறகு அதே மாணவர்களோடு காரில் ஏறி, பள்ளிகள், கடைகள், முடிதிருத்தகங்கள் என்று விநியோகம். கல்லூரித் தலைவர் டிரென்ஹோம் கூப்பிட்டுக் கேட்டபோது, செலவான தாளுக்குக் காசு கட்டிவிடுவதாகச் சொன்னீர்களாமே. படித்துவிட்டுச் சிரித்தேன். கணக்கில் கறாரான ஆசிரியை!

மீதி வேலையை எதிராளிகளே செய்து கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாண்ட்கமரி அட்வர்டைசர் பத்திரிகை முதல் பக்கத்தில் செய்தி போட்டது. நோட்டீஸ் கிடைக்காதவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஏறுகிறவர்களை அடியாட்கள் மிரட்டக்கூடும் என்று போலீஸ் மோட்டார் சைக்கிள்கள் பேருந்துகளின் பின்னாலேயே போயின. ஏறலாமா என்று தயங்கி நின்ற ஒன்றிரண்டு பேரும் போலீஸைப் பார்த்துப் பயந்து நடந்தே போய்விட்டார்கள். டிசம்பர் 5 திங்கள் அன்று பேருந்துகள் காலியாக ஓடின. நீதிமன்றம் ரோசா பார்க்ஸுக்கு 10 டாலர் அபராதமும் 4 டாலர் செலவும் விதித்தது. ஊருக்கு வந்து இரண்டு வருடம்கூட முடியாத 26 வயதுப் பாதிரியார் கிங், புறக்கணிப்பை நடத்த அன்று தொடங்கிய புதிய சங்கத்தின் தலைவரானார். அன்று இரவு ஹோல்ட் ஸ்ட்ரீட் தேவாலயத்தில் கூடிய கூட்டம், தொடர்வோம் என்று முடிவெடுத்தது. ஒரு நாளைக்கென்று அச்சடித்த நோட்டீஸ் 381 நாள் ஓடியது.

அந்த 381 நாளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தவர் ஜார்ஜியா கில்மோர். சமையல்காரி. பெண்களைச் சேர்த்துக்கொண்டு வறுத்த கோழியும் கேக்கும் விற்று, பேருந்தில் ஏறாதவர்களை ஏற்றிச்சென்ற கார்ச் சேவையின் பெட்ரோலுக்குக் காசு சேர்த்தார். வாங்குகிறவர்களில் வெள்ளையரும் உண்டு. எங்கிருந்து வந்த காசு என்று கேட்டால் 'எங்கிருந்தும் இல்லை' என்பதுதான் பதில். அந்தக் குழுவுக்கே 'எங்குமில்லாத இடத்துச் சங்கம்' என்று பெயர். கையெழுத்தில்லாத உங்கள் நோட்டீஸுக்கு ஏற்ற ஜோடி. உங்களுக்கு என்ன கிடைத்தது? வரிசையாகப் போக்குவரத்து அபராதச் சீட்டுகள். வீட்டு ஜன்னலில் கல். கார்மேல் அமிலம். இதையெல்லாம் செய்தது போலீஸ்காரர்களே என்று 1987-இல் வந்த உங்கள் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள்.

இவ்வளவு மரியாதையோடு ஒரு சண்டையும் போட வேண்டியிருக்கிறது, டீச்சர். கிளாடெட் கோல்வின். 15 வயதுப் பள்ளி மாணவி. ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்னால், 1955 மார்ச் 2 அன்று, அதே ஊரில் எழ மறுத்துக் கைதானவள். உங்கள் நோட்டீஸிலேயே அவள் பெயர் இருக்கிறது. அவளுக்காக அன்றே புறக்கணிப்பு நடத்த உங்கள் பெண்கள் தயார்தான், இ. டி. நிக்சன் போன்ற தலைவர்கள்தான் தயங்கினார்கள். சிறுமி, கோபக்காரி, ஏழைக் குடும்பம். கர்ப்பமாக இருந்தாள் என்று பிறகு ஒரு காரணம் சேர்ந்தது. ஆனால் அவளை ஒதுக்கிவைத்தபோது அதற்கு வாய்ப்பே இல்லை. ஜெயிக்கக்கூடிய ஆளை முன்னிறுத்த வேண்டும் என்ற கணக்கு எனக்குப் புரிகிறது. போராட்டங்களில் இந்தக் கணக்கைப் போட்டவர்களோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்கப்புறமாவது அவளை மேடையில் ஏற்றியிருக்கலாமே? ஏற்றவில்லை.

வழக்குக்கு மட்டும் அவள் வேண்டியிருந்தாள். 1956 பிப்ரவரியில் பேருந்துப் பிரிவினைக்கு எதிராக ஃபிரெட் கிரே கூட்டாட்சி நீதிமன்றத்தில் போட்ட வழக்கில் ரோசா பார்க்ஸ் இல்லை. ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித் ஆகியோருடன் கிளாடெட்டும் சாட்சி சொன்னாள். உங்கள் தலைவர் யார் என்று நகரத்து வழக்கறிஞர் மடக்கியபோது, எங்களுக்கு நாங்களே தலைவர் என்ற பொருளில் பதில் சொன்னாள். ஜூனில் மூன்று நீதிபதிகளில் இருவர் அந்தப் பெண்கள் பக்கம் நின்றார்கள். நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. டிசம்பர் 21 காலை, முன் இருக்கைகளில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பேருந்தை நிறுத்திவைத்தது நடந்த கால்கள். சட்டத்தை உடைத்தது இந்த நால்வர். தேர்வுக் கையேட்டில் ஒருவர் பெயரும் இல்லை.

நீங்கள் 1960-இல் மாண்ட்கமரியை விட்டுப் போய், லூசியானாவில் கொஞ்ச காலம், பிறகு லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளில் 1976 வரை பாடம் நடத்தினீர்கள். கிளாடெட் நியூயார்க் போய் முதியோர் இல்லத்தில் செவிலியர் உதவியாளராக வேலை பார்த்தார். அந்த 1955 வழக்கில் சிறார் நீதிமன்றம் அவர்மேல் வைத்த பதிவு அப்படியே கிடந்தது. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது என்பதால் இதைச் சேர்த்து எழுதுகிறேன்: 2021-இல் மாண்ட்கமரி நீதிபதி ஒருவர் அந்தப் பதிவை அழிக்க உத்தரவிட்டார். கிளாடெட்டுக்கு அப்போது வயது 82.

அன்புடன்,
உங்களைப் போலவே நோட்டீஸ் ஓட்டிய ஒரு ஆசிரியை