முதல் பத்துக் குப்பி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி, வீடும் கிடைத்துவிட்டதில் மகிழ்ச்சி. பாம்புக்கடி என்று யார் வந்தாலும் உடனே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவதுதான் அங்கே பழக்கம் என்று எழுதியிருந்தாய். அதை மாற்று. அனுப்பு, ஆனால் விஷ அறிகுறி தெரிந்தவருக்குப் பாம்பு விஷமுறி மருந்து முதல் 10 குப்பி உன் கையால் ஏறிய பிறகு அனுப்பு. இரத்தத்தில் ஓடும் விஷத்தைத்தான் மருந்து முறிக்கும். நரம்பு நுனியில் போய் உட்கார்ந்த விஷத்தை அதனால் எடுக்க முடியாது.

கடிபட்ட எல்லோருக்கும் மருந்து தேவையில்லை. பல கடிகளில் விஷம் இறங்கியே இருக்காது. அறிகுறி இல்லாதவரை 24 மணி நேரம் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டால் போதும்.

விரியன் கடியில் உனக்கு உண்மை சொல்வது ஒரு கண்ணாடிச் சோதனைக்குழாய். 2 மில்லி இரத்தத்தை விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார். உறையாமல் ஓடினால் மருந்தைத் தொடங்கு. குழாய் புதியதாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் பிளாஸ்டிக் குழாயிலும் நல்ல இரத்தமே உறையாமல் கிடந்து ஏமாற்றும். சந்தேகம் வந்தால் கூட வந்தவர் ஒருவரின் இரத்தத்தைப் பக்கத்திலேயே இன்னொரு குழாயில் வைத்துப் பார்.

குப்பிக்கு 10 மில்லி ஊசித் தண்ணீர் விட்டு மெதுவாகச் சுழற்று. குலுக்கினால் நுரைத்துவிடும். சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்று. குழந்தைக்கும் அதே 10 குப்பிதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. சலைனின் அளவை மட்டும் எடைக்கேற்பக் குறை. தோலில் சோதனை ஊசி போடாதே. யாருக்கு ஒவ்வாமை வரும் என்று அது சொல்லாது, நேரம்தான் போகும்.

டிரிப் தொடங்கும் முன்பே அட்ரினலின் சிரிஞ்சில் ஏறியிருக்கட்டும். அரிப்பு, தடிப்பு, இளைப்பு, இரத்த அழுத்தச் சரிவு, எது வந்தாலும் டிரிப்பை நிறுத்திவிட்டுத் தொடைத் தசையில் 0.5 மில்லி கிராம் போடு. குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லி கிராம். ஒவ்வாமைக்குப் போடும் மற்ற ஊசிகளான ஹைட்ரோகார்ட்டிசோனும் அவிலும் அதற்குப் பிறகுதான். பலர் அவற்றைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள், உயிர் போவது அந்தக் காத்திருப்பில்தான். அடங்கியதும் டிரிப்பை மெதுவாக மறுபடி தொடங்கு. ஒவ்வாமை வந்துவிட்டதே என்று மருந்தைக் கைவிடாதே.

குழாய்ச் சோதனையை 6 மணி நேரம் கழித்துத் திரும்பச் செய்யச் சொல்லிச் சீட்டில் எழுதி அனுப்பு. உறைபொருள்களைக் கல்லீரல் மறுபடி உண்டாக்க அவ்வளவு நேரம் ஆகும். அதற்கு முன் பார்த்துவிட்டுக் குப்பி குப்பியாக ஏற்றுவது வீண்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது கட்டுவிரியன். தரையில் தூங்குகிறவரை இரவில் கடிக்கும். வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. விடியற்காலை வயிற்றுவலி என்று வருவார், இமை இறங்கியிருக்கும். வயிற்றுவலிக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடாதே. நாகப்பாம்புக் கடிக்குச் செயலிழந்த தசையை மீட்கும் நியோஸ்டிக்மினும், அதோடு சேர்த்துப் போடும் அட்ரோபினும் நன்றாகக் கேட்கும். கட்டுவிரியன் நரம்பு நுனியையே அழித்துவிடுவதால் அங்கே பெரும்பாலும் கேட்காது. நுனி மறுபடி வளரும்வரை, நாள் கணக்கானாலும், மூச்சை நாம்தான் கொடுக்க வேண்டும். கழுத்தைத் தூக்க முடியவில்லை என்றால் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையோடு ஒருவர் வண்டியில் ஏறியே ஆக வேண்டும்.

இறுக்கிக் கட்டிய கயிற்றோடு வந்தால் படக்கென்று அவிழ்க்காதே. தேங்கிய விஷம் மொத்தமாக ஏறும். டிரிப் ஓடத் தொடங்கிய பின் தளர்த்து.

உன் மலையில் குழிவிரியனும் உண்டு. நம் மருந்து நான்கு பாம்புகளுக்கானது: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மருந்து ஏற்றியும் இரத்தம் உறையவே இல்லையென்றால் குழிவிரியனை நினை. சிறுநீர் அளவைப் பார்த்துக்கொள், டயாலிசிஸ் உள்ள இடத்துக்கு அனுப்பு.

செந்தேள் கொட்டுக்கு இந்தக் குப்பிகள் உதவாது. வியர்த்துக் கொட்டி, கைகால் சில்லிட்டால் இரத்தக் குழாயைத் தளர்த்தும் பிரசோசின் மாத்திரையை வாய்வழியாகக் கொடு, குழந்தைக்குக் கிலோவுக்கு 30 மைக்ரோகிராம். படுத்தே இருக்கட்டும். அட்ரோபின் வேண்டாம். மகாராஷ்டிரத்தின் மஹாடில் டாக்டர் பவாஸ்கர் காட்டிய வழி இது. மலிவான ஒரு மாத்திரை எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

2024 நவம்பரிலிருந்து நம் மாநிலத்தில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். ஒன்றையும் விடாமல் பதிவு செய். அந்தக் கணக்கைக் காட்டித்தான் கூடுதல் குப்பி கேட்க முடியும். இப்போது இருப்பில் எத்தனை, காலாவதி எப்போது, கண்ணாடிக் குழாய் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து எழுது.

அன்புடன்,
கதிரேசன்