செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: பயிற்சிப் படகின் விஞ்சுகள்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். உறுப்பினர் சேர்க்கையிலும் வார இறுதி வகுப்புகளிலும் சென்ற ஆண்டைவிடக் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே இவ்வறிக்கை, ஆண்டின் பெரும்பகுதி உழைப்பை எடுத்துக்கொண்ட பணியான, நமது 26 அடிப் பாய்ப்படகின் தளத்தில் உள்ள இரு விஞ்சுகளை (கயிற்றைச் சுற்றி, கைப்பிடியால் சுழற்றி இழுக்கும் உருளைப் பொறிகளை) மாற்றியதைப் பற்றியே பேசுகிறது.

முன்பாயின் தாமான் கயிற்றை, அதாவது காற்றுக்கேற்பப் பாயை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் கயிற்றை, இழுத்துப் பிடிக்கும் அவ்விரண்டும் படகு கட்டிய காலத்தவை. உருளைகள் தேய்ந்து வழவழத்துவிட்டதால் நான்கு சுற்று சுற்றியும் கயிறு வழுக்கியது. அதைவிடக் கவலை தந்தது, உருளை பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் நாக்குகளின் நிலை. உப்பும் பழைய கிரீஸும் சேர்ந்து இறுகி, சிறு வில்கம்பிகளும் தளர்ந்துவிட்டால், நாக்கு பல்லில் சரியாகப் பதியாது. பாரம் ஏறிய நேரத்தில் உருளை விடுபட்டு, கைப்பிடி சுழற்றுபவரின் மணிக்கட்டைத் தாக்கக்கூடும். சிறுவர்கள் பழகும் படகில் இதை அனுமதிக்க முடியாது என்பதாலும், உதிரிபாகங்கள் இப்போது கிடைப்பதில்லை என்பதாலும், மாற்றுவதென முடிவாயிற்று.

எந்த அளவு வாங்குவது என்பதில் செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. விஞ்சின் இழுவிசைப் பெருக்கம், கைப்பிடியின் நீளத்தை உருளையின் ஆரத்தால் வகுத்துப் பற்சக்கர விகிதத்தால் பெருக்கிவருவது. 254 மி.மீ. கைப்பிடிக்குப் பதில் 203 மி.மீ. கைப்பிடியைப் போட்டாலே ஐந்தில் ஒரு பங்கு விசை குறைந்துவிடும். சிறிய விஞ்சே போதும் என்ற உறுப்பினர்களின் கருத்தில் சிக்கனம் இருந்தது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோள் வலிமை கணக்கில் வரவில்லை. இறுதியில் 20 எண் கொண்ட (இந்த எண் ஏறத்தாழ இழுவிசைப் பெருக்கத்தைக் குறிப்பது), இருவேக, கயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் வகை தேர்வாயிற்று. அதன் குறைந்த வேகத்தில், உராய்வை விட்டுக் கணக்கிட்டால், கைப்பிடியில் தரும் 10 கிலோ விசை ஏறத்தாழ 200 கிலோ இழுவையாகிறது.

உண்மையான வேலை விஞ்சுகளைக் கழற்றிய பிறகே தொடங்கியது. தளம் இரு கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே பால்சா என்னும் இலேசான மரத்தை வைத்துக் கட்டப்பட்டது. பழைய ஆணித்துளைகளின் வழியே பல்லாண்டுகளாகக் கசிந்த நீர் அம்மரத்தை ஊறவைத்து மக்கச் செய்திருந்தது. சுத்தியலால் தட்டியபோது எழுந்த மந்தமான ஓசையைக் கொண்டு பழுதின் எல்லையைக் குறித்து, கீழ்த்தகட்டை வெட்டித் திறந்து, மக்கியதை அகற்றினோம். வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் திறந்த தளம் உலராது என்பதால், சிலர் அவசரப்பட்டாலும், எபாக்சி (கலந்தபின் இறுகும் பிசின்) வேலையைப் பிப்ரவரிக்குத் தள்ளிவைத்தது சரியான முடிவு என்றே கருதுகிறேன். புதிய விஞ்சின் ஆணித்துளைகள் அமைந்த வட்டம் பழையதோடு பொருந்தாததால், பழைய துளைகளை எபாக்சியால் அடைத்தோம். புதியவற்றையும் முதலில் பெரிதாகத் துளைத்து, எபாக்சி நிரப்பி, அது இறுகியபின் உரிய அளவில் மீண்டும் துளைத்தோம். இனி ஆணியோரம் நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளுக்கு அடியில், பாரத்தைப் பரப்பும் தடித்த தகடுகளும் வைக்கப்பட்டுள்ளன.

கயிறு உருளைக்குச் சற்றே கீழிருந்து மேலேறி வந்தால்தான் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்காது. முன்பு இக்கோணம் இல்லாததால், இரு விஞ்சுகளுக்கும் சாய்வான ஆப்புக்கட்டைகள் பொருத்தினோம்.

பராமரிப்பு குறித்து: ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் விஞ்சுகளை நன்னீரால் கழுவ வேண்டும். ஆண்டுக்கொருமுறை பிரித்துத் துடைத்து, பற்சக்கரங்களுக்கு மெல்லிய கிரீஸும், நாக்குகளுக்கு இலேசான எண்ணெய் மட்டுமே இடவேண்டும். நாக்குகளில் கிரீஸ் பூசுவதைக் கண்டிப்பாகத் தவிர்க்கவும். பாய்மரத்தில் உள்ள, பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிற்றுக்கான விஞ்சுகள் நல்ல நிலையில் இருப்பதால் அவற்றை மாற்றவில்லை. கடலில் விழுந்தாலும் மிதக்கும் கைப்பிடிகள் இரண்டு வாங்க, இப்பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்