தீவுப் பள்ளிக்கு ஆள் அனுப்பும் முன்

மிஷனரி தன்னார்வலர்களை அனுப்பும் சபைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய போதகர்களுக்கும் மிஷன் குழுவினருக்கும்,

ஆண்டவரின் நாமத்தில் அன்பின் வாழ்த்துகள்.

பசிபிக் தீவுகளில் உள்ள மிஷன் பள்ளிகளுக்கு இந்த வருடமும் வாலிபப் பிள்ளைகளைத் தன்னார்வ ஆசிரியர்களாக அனுப்பப் பெயர் சேர்க்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மார்ஷல் தீவுகளின் தலைநகரான மஜுரோவில் அப்படி ஒரு பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்தவள் நான். அந்தப் பிள்ளைகள் மேலுள்ள பாரம் இன்னும் குறையவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

ஒரு வருடத்துக்கென்று ஆள் அனுப்புவதை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வருடமாவது தங்கக் கூடியவர்களை, ஒழுங்காகப் பயிற்சி கொடுத்து, அந்த ஊர் ஆசிரியர் ஒருவருக்குத் துணையாக அனுப்புங்கள். அப்படி ஆள் கிடைக்காவிட்டால், சேர்ந்த காணிக்கையை அந்த ஊர்ப் பிள்ளைகள் ஆசிரியராகப் படிப்பதற்குக் கொடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

மஜுரோ மலையும் காடும் உள்ள தீவு இல்லை. கடலில் வளையமாகக் கிடக்கும் பவளத் திட்டு. ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் அமைதியான காயல், நடுவில் ஒரு தார்ச்சாலை. சில இடங்களில் அந்தச் சாலையும் அதை ஒட்டிய ஒரு வரிசை வீடுகளும்தான் மொத்த நிலமே. கடல்மட்டத்துக்கு மேல் சராசரியாக 2 மீட்டர் உயரம் இருந்தால் அதிகம். ஆறு, குளம் எதுவும் கிடையாது. வீட்டுக் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கிறார்கள். விமான ஓடுதளத்தில் விழும் மழையைக்கூட வீணாக்காமல் தேக்கி நகரத்துக்குக் குழாயில் விடுகிறார்கள். 2016இல் மழை பொய்த்தபோது நாட்டில் அவசரநிலையே அறிவிக்க வேண்டியதாயிற்று.

ஆனால் மழை வந்தால் வகுப்பு நின்றுவிடும். தகரக் கூரை. முதல் வரிசையில் இருக்கும் பிள்ளைக்கே நம் குரல் கேட்காது. கரும்பலகையில் எழுதி எழுதிக் காட்டுவோம், பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார்கள், மழை விட்டதும் எல்லோரும் ஒரே மூச்சாகப் பேச ஆரம்பிப்பார்கள். இடைவேளையில் ராமென் நூடுல்ஸ் பாக்கெட்டை அப்படியே கையால் நொறுக்கி, அதன் மேல் கூல்எய்ட் என்ற சிவப்புப் பானப் பொடியைத் தூவி, வேகவைக்காமலே தின்பார்கள். அந்தச் சிவப்பு விரல்களோடு வந்து நோட்டைத் திறப்பார்கள். நான் திருத்திய கணக்கு நோட்டுகளில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் சிவப்புக் கைரேகை இருக்கும். தீவு முழுக்கத் தென்னையும் தாழையும் சீமைப்பலாவும் இருந்தும், கப்பலில் வரும் அரிசியும் டின் இறைச்சியும் சீனியும்தான் இன்று அவர்கள் சாப்பாடு. சர்க்கரை நோய் இல்லாத குடும்பத்தைப் பார்ப்பது அரிது.

சரி, பள்ளிக்கு வருகிறேன். போனவுடன் என்னிடம் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து ஒரே அறையில் கொடுத்தார்கள். ஏறக்குறைய முப்பது பிள்ளைகள். என்னோடு வந்தவர்களுக்கும் அதே நிலைமைதான். கல்லூரியில் ஒரு வருட இடைவெளி எடுத்துக்கொண்டு வந்த பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள், அதற்கு முன் ஒரு வகுப்பில்கூடப் பாடம் எடுத்திராதவர்கள், போய்ச் சேர்ந்த வாரமே முழு வகுப்பாசிரியர் ஆனார்கள். எல்லோரும் மனதார வந்தவர்கள், கடுமையாக உழைத்தவர்கள். மின்சாரம் போன இரவுகளில் டார்ச் வெளிச்சத்தில் மறுநாள் பாடத்துக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவர்களை அங்கே அப்படி நிறுத்தியவர்களிடம்தான் பேசுகிறேன்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். மார்ஷல் தீவுகளில் "ஆமாம்" என்பதற்கு வாயைத் திறக்க மாட்டார்கள், புருவத்தைச் சட்டென்று ஒருமுறை உயர்த்துவார்கள். புதிதாக வந்த ஆசிரியை "புரிந்ததா?" என்று கேட்கிறாள். பிள்ளை புருவத்தை உயர்த்துகிறது. பதில் சொல்லவில்லையே என்று ஆசிரியை மறுபடி, கொஞ்சம் சத்தமாகக் கேட்கிறாள். பிள்ளை மறுபடி புருவத்தை உயர்த்துகிறது. மூன்றாவது தடவை அதட்டலாகக் கேட்டதும் பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறது. பெரியவர் அதட்டும்போது முகத்தைப் பார்க்காமல் இருப்பதுதான் அங்கே மரியாதை. அதையும் ஆசிரியை திமிர் என்று எடுத்துக்கொள்கிறாள். எட்டு வயதுப் பிள்ளை மூன்று தடவை சரியாகப் பதில் சொல்லித் திட்டு வாங்கியது, இதை நான் பக்கத்து வகுப்பில் நின்று பார்த்தேன்.

இன்னொன்று. எல்லோர் முன்னாலும் எழுந்து தனியாகப் பதில் சொல்வதை அந்தப் பிள்ளைகள் விரும்புவதில்லை. மற்றவர்களை மிஞ்சிக் காட்டுவது அங்கே நல்ல பழக்கம் இல்லை. தெரிந்தவன் தெரியாதவனுக்குக் காதோடு சொல்லிக் கொடுப்பான். அதை நாம் "காப்பியடிப்பது" என்று தண்டிக்கிறோம். இதெல்லாம் பிடிபட ஒருவருக்குக் கிறிஸ்துமஸ் ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் உண்மையில் பாடமே தொடங்குகிறது. மே மாதம் அவர் பெட்டி கட்டுகிறார். ஆகஸ்டில் வருகிறவர் மறுபடி முதலிலிருந்து.

அந்த விமான நிலையத்தை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் சிப்பி மாலையும் தலையில் பூவளையமும் சூட்டி அழுதுகொண்டே வழியனுப்பும் படங்கள். மிஷன் ஞாயிறன்று அவற்றைத்தானே திரையில் போடுகிறோம்? அடுத்த முறை அந்தப் படத்தைப் போடும்போது, அந்தப் பிள்ளை அப்படி எத்தனையாவது ஆசிரியருக்கு மாலை போடுகிறது என்று கேளுங்கள். என் வகுப்பில் ஒரு பெண், நான் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்த முதல் வாரத்திலேயே, "டீச்சர், நீங்க எப்போ போவீங்க?" என்று கேட்டாள். கோபமோ வருத்தமோ இல்லாமல், மணி கேட்பது போலக் கேட்டாள். அவள் அதற்கு முன் படித்த ஒவ்வொரு வகுப்பிலும் வேறு வேறு ஊர் ஆசிரியர். முந்தைய ஆசிரியர் அவளைப் பற்றி எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்பு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொருவரும் வந்து அதே ஆங்கில எழுத்துக்கூட்டலை முதலிலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

வகுப்புத் தோழர்களும் நிலையில்லை. அமெரிக்காவோடு உள்ள ஒப்பந்தத்தின்படி மார்ஷல் மக்கள் விசா இல்லாமல் அங்கே போய் வேலை செய்யலாம். அர்கன்சாஸில் ஸ்பிரிங்டேல் என்ற ஊரில் பெரிய மார்ஷல் குடியிருப்பே இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் 53,000க்கு மேல் இருந்த நாட்டின் மக்கள்தொகை 2021இல் 42,000 சொச்சமாகிவிட்டது. வருட நடுவில் ஒரு திங்கட்கிழமை நாற்காலி ஒன்று காலியாக இருக்கும், குடும்பமே போய்விட்டது என்பார்கள். இப்படிப்பட்ட இடத்தில் பிள்ளைக்கு நிலையாக இருக்க வேண்டியது ஆசிரியராவது அல்லவா?

அப்புறம் வரலாறு. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1946 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த பிறகு, அமெரிக்கக் கடற்படை அதிகாரி பென் வயட் மார்ஷல் தீவுகளில் ஒன்றான பிகினியின் மக்களைக் கூட்டி வைத்து, மனிதகுலத்தின் நன்மைக்காகத் தீவை விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். அவர்களை இஸ்ரவேல் ஜனங்களோடு ஒப்பிட்டுப் பேசினார். 167 பேர் கப்பலேறினார்கள். 1958க்குள் பிகினியிலும் எனிவெட்டாக்கிலும் 67 அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. 1954 மார்ச் 1 அன்று வெடித்த பிராவோ குண்டின் சாம்பல் ரொங்கலாப் தீவில் வெள்ளைப் பொடியாக விழுந்தது, என்னவென்று தெரியாமல் பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். பிகினிக்காரர்களின் வாரிசுகள் இன்றும் மஜுரோவின் எஜிட் திட்டில் இருக்கிறார்கள். மார்ச் 1 அங்கே தேசிய நினைவு நாள், பள்ளிக்கு விடுமுறை. எதற்கு விடுமுறை என்று என்னோடு வந்தவர்களில் பலருக்குத் தெரியாது. எங்களை அனுப்புமுன் நடந்த பயிற்சியில் சாட்சி சொல்வது பற்றி நாள் முழுக்கப் பேசினார்கள், இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வேத வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்த வெளியூர்க்காரர்கள் அந்த ஜனங்களிடம் ஏற்கெனவே என்ன கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள் என்று தெரியாமல், நாமும் வேதத்தோடு போய் நிற்பது சரியல்ல.

சுவிசேஷம் சொல்லத்தானே போகிறோம் என்று யாராவது கேட்கலாம். 1857இலேயே எபோன் தீவில் மிஷனரிகள் இறங்கிவிட்டார்கள். அமெரிக்கரோடு ஹவாய்க்காரர்களும் வந்தார்கள், பிற்பாடு ஊழியத்தின் பெரும்பாரத்தைச் சுமந்தவர்களும் அவர்களே. இன்று அங்கே ஏறக்குறைய எல்லோரும் கிறிஸ்தவர்கள். டிசம்பர் 25 அன்று ஒரு மார்ஷல் கோயிலில் போய் உட்கார்ந்து பாருங்கள். வாரக்கணக்கில் இரவிரவாகப் பயிற்சி எடுத்த, ஜெப்டா என்று அழைக்கப்படும் பாட்டு நடனக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆடிப் பாடி உள்ளே வரும். பாட்டிகளிலிருந்து கைக்குழந்தை வரை எல்லோரும் வருவார்கள், காலையில் தொடங்கி இரவு வரை ஓயாது. நான் ஜெபிக்கக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லத்தக்க நாட்கள் அவை. அந்த மக்கள் நம்மிடம் கேட்பது பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு. ஊழியம் என்று பெயர் வைத்துவிட்டதால் பாடம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை என்று நினைப்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நம் சொந்தப் பிள்ளைகளின் பள்ளியில் வருடந்தோறும் பயிற்சியில்லாத புது ஆளைப் போட்டால் நாம் சும்மா இருப்போமா?

வேறு மாதிரி செய்ய முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஆதாரம் உண்டு. 1890களில் மதராஸைச் சேர்ந்த வேதப்பன் சாலமோன் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் பள்ளி நடத்தினார். வந்தோம் போனோம் என்றில்லாமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தார். அவரிடம் படித்த நிக்கோபார்ச் சிறுவன் ஜான் ரிச்சர்ட்சன், பர்மாவில் மாண்டலேயில் படித்துவிட்டுத் தன் தீவுக்கே ஆசிரியராகத் திரும்பினார். புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழிக்குக் கொண்டுவந்தார். 1950இல் பிஷப்பாகவும், 1952இல் முதல் மக்களவைக்கு நியமன உறுப்பினராகவும் ஆனார். சாலமோன் ஒரு வருடத்தில் ஊர் திரும்பியிருந்தால் அந்தச் சிறுவனை யார் கவனித்திருப்பார்கள்?

மஜுரோவிலும் இது நடக்கக் கூடியதுதான். மார்ஷல் தீவுகள் கல்லூரியில் ஆசிரியர் படிப்பு இருக்கிறது. என் பள்ளியில் உதவியாளராக இருந்த ஒரு மார்ஷல் பெண், பிள்ளைகளின் பாட்டிமார், சித்திமார் எல்லோரையும் பெயர் சொல்லி அறிவாள். எந்தப் பிள்ளை எந்த வீட்டில் தூங்கியது, யார் காலையில் சாப்பிடாமல் வந்தான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். நாங்கள் ஒரு வாரம் போராடி அடக்க முடியாத வகுப்பை அவள் ஒரு பார்வையில் உட்காரவைப்பாள். அவளுக்குப் படிக்க ஆசை. பணமும் நேரமும்தான் இல்லை. ஒரு தன்னார்வலரின் விமானச் சீட்டுக்கும் காப்பீட்டுக்கும் நாம் திரட்டும் பணத்தை அவளைப் போன்றவர்களின் படிப்புக்கு வைத்தால், அவர்கள் முப்பது வருடம் அதே பள்ளியில் இருப்பார்கள்.

இப்படிச் சொல்வதால் யாருமே போக வேண்டாம் என்று அர்த்தமில்லை. என் வாழ்க்கையின் மிக நல்ல நாட்கள் அங்கேதான் கழிந்தன. சனிக்கிழமைகளில் தீவின் மேற்குக் கோடியில் உள்ள லாரா வரை வண்டியில் போய், பிள்ளைகளோடு காயலில் கழுத்தளவு தண்ணீரில் கிடப்போம். வழியில் முன்பின் தெரியாதவர்கள்கூட இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். போகிறவர்கள் தங்கும்படி போகட்டும். புறப்படுமுன் மார்ஷல் மொழியில் அடிப்படையாவது கற்கட்டும், பாடநூலும் அகராதியும் இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் வருடம் ஊர் ஆசிரியரின் கீழ் உதவியாளராக இருக்கட்டும். திரும்பும் முன் புதியவரோடு சில வாரம் சேர்ந்திருந்து, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் எழுதிய நோட்டை ஒப்படைக்கட்டும். தனிமையிலும் டெங்குக் காய்ச்சலிலும் கிடக்கும்போது பேச ஒரு மூத்தவரை நீங்கள் நியமியுங்கள். மாதம் ஒருமுறை அறிக்கை கேட்பது அதற்கு ஈடாகாது.

வரும் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறேன். பெயர் கொடுத்திருக்கும் பிள்ளைகளிடமும் இந்த மடலைக் காட்டுங்கள். அவர்களுக்கு மார்ஷல் மொழியின் முதல் பாடங்களைச் சொல்லித்தர நானே வருகிறேன், எந்த ஊருக்கு வேண்டுமானாலும்.

இப்படிக்கு,
மஜுரோவில் பாடம் நடத்திய ஒரு டீச்சர்