"யாரது?" என்று கேட்பதற்குள் விடை தெரிந்துவிடுகிறது: படக்கதைப் புத்தகத்தின் புதிய பதிப்பு பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, பதிப்பாசிரியர் குழு

வணக்கம்.

2018-இல் மதுரை தமுக்கம் மைதானப் புத்தகத் திருவிழாவில் உங்கள் படக்கதைப் புத்தகம் ஒன்றை என் மகளுக்கு வாங்கினேன். அப்போது அவளுக்கு மூன்று வயது. ராத்திரியில் வீட்டுக்குள் கேட்கும் சத்தங்களைத் தேடிப் போகும் சிறுமியின் கதை. 32 பக்கம், நடுவில் கம்பிப் பின் அடித்தது, 60 ரூபாய். நைந்து போகும்வரை படித்தோம். இப்போது மகனுக்கு மூன்று வயது. அதே புத்தகத்தைப் போன மாதம் உங்கள் இணையதளத்தில் 110 ரூபாய்க்கு வாங்கினேன். வந்தது 24 பக்கப் புத்தகம்.

உங்கள் சேவை எண்ணில் பேசியபோது, "கதையில ஒரு வார்த்தைகூடக் குறையலை மேடம், பக்கத்தைத்தான் சுருக்கியிருக்கோம்" என்றார்கள். பழைய பிரதியை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர்கள் சொன்னது சரிதான். படமும் குறையவில்லை. ஆனால் கதை போய்விட்டது.

பழைய பதிப்பில், வலப்பக்கத்தில் பாதி திறந்த கதவும் அதன் அடியில் ஒரு வால் நுனியும் மட்டும் இருக்கும். "யாரது?" என்று ஒரே சொல். தாளைத் திருப்பினால்தான் அரிசிப் பானையைத் தட்டிவிட்ட பூனை தெரியும். அந்த இடம் வந்ததும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இரு இரு, திருப்பாத" என்பாள். பூனைதான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் "எலி! இல்ல இல்ல, பூனை!" என்று கத்திவிட்டு அவளே திருப்புவாள். எழுத்துத் தெரியாத பிள்ளை கதையைத் தன் கையால் நடத்துவது அந்தத் திருப்பலில்தான்.

புதிய பதிப்பில் கேள்வி இடப்பக்கம், பூனை எதிரே வலப்பக்கம். நான் "யாரது?" என்று வாய் திறப்பதற்குள் மகன் பூனைமேல் விரலை வைத்துவிடுகிறான். ஏழு சத்தங்களில் கடைசியைத் தவிர எல்லாமே இப்படித்தான். மூன்றாவதிலேயே எழுந்து விளையாடப் போய்விட்டான்.

அச்சுச் செலவு புரியாமல் இதை எழுதவில்லை. 16 பக்கம் சேர்ந்த அச்சுத் தாள் ஒரு ஃபாரம் என்றால், பழையது இரண்டு ஃபாரம், இது ஒன்றரை. மிச்சம் பிடித்தது அந்த அரை ஃபாரம்தான். அதற்காக இன்னும் முப்பது ரூபாய் கூட்டியிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அப்புறம் பைண்டிங். இவ்வளவு ஒல்லியான புத்தகத்துக்குப் பசை எதற்கு? பின் அடித்தது தரையில் போட்டால் தட்டையாக விரிந்து கிடக்கும். கடைசிச் சத்தம் பாட்டியின் குறட்டை. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைந்த படம் அது. பாட்டியின் முகம் சரியாக நடுமடிப்பில் மாட்டிக்கொண்டு மூக்கும் வாயும் காணோம். முகத்தைக் காட்ட அழுத்தி விரித்து விரித்து, ஒன்பதாம் நாள் தாள் கையோடு வந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. பழைய அட்டையில் எழுதியவர் பெயரும் ஓவியர் பெயரும் ஒரே அளவில் இருந்தன. புதியதில் ஓவியர் பெயர் அட்டையிலும் இல்லை, உள்ளேயும் இல்லை. என் மகள் வரையத் தொடங்கியதே அந்தப் படங்களைப் பார்த்துத்தான். புத்தகம் வந்ததும் அவள் முதலில் தேடியது அந்தப் பெயரை. "யாரது?" என்ற ஒரு சொல்லுக்கு மேல் அந்தப் பக்கங்களைச் சுமப்பது படம்தானே. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கிறது. ஓவியருக்கும் அது உண்டு.

பழைய 32 பக்கப் பதிப்பில் ஒரு பிரதி இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் 110 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். எதைச் செய்தாலும், அடுத்த அச்சில் பழைய பக்க அமைப்பும் பின் அடித்த பைண்டிங்கும் ஓவியர் பெயரும் திரும்ப வருமா என்பதற்கு 15 நாளுக்குள் பதிப்பாசிரியரிடமிருந்து எழுத்தில் பதில் வேண்டும். ரசீதும், இரண்டு பதிப்புகளின் பக்கங்களை அருகருகே வைத்து எடுத்த படங்களும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டு குழந்தைகளின் அம்மா,
மதுரை