4 நோ டிரம்ப் கேட்பதற்கு முன்

அன்புள்ள மச்சான்,

நீ வைகாசியில் அனுப்பிய செய்திக்கு ஆவணியில் பதில் எழுதுகிறேன். கோபம் இருந்தால் இருக்கட்டும், ஆனால் கடைசிவரை வாசி. போனில் இரண்டு வரி தட்டி அனுப்புகிற விஷயம் இல்லை இது.

வீட்டுப் புதினம் முதலில். அம்மாவுக்குச் சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது, கண்தான் கொஞ்சம் மங்கல். சிறுபோகம் வெட்டி முடிந்தது, குளத்தில் தண்ணீர் குறைவு என்று பாதி வயல்தான் விதைத்தோம். யானை இந்த முறை வாழையோடு போய்விட்டது. பாலைப்பழம் நல்லாய்க் காய்த்தது, அக்கா பாணி காய்ச்சி இரண்டு போத்தல் உனக்கென்று எடுத்து வைத்துவிட்டு, கனடாவுக்கு யார் போகிறார்கள் என்று ஊரெல்லாம் விசாரிக்கிறா. கட்டையன் மூன்றாம் தடவையாக அத்திவாரம் வெட்டுகிறான். ஏன் என்று அவனையே கேள்.

சரி, இணையத்தில் நாம் விளையாடிய கடைசி பிரிட்ஜ் ஆட்டத்துக்கு வருகிறேன்.

அன்றைக்கு ஸ்பேட் துரும்பில் 13இல் 12 பிடி எடுப்போம் என்று சொன்ன 6 ஸ்பேட் ஒரு பிடியால் விழுந்ததும் 'கரண்ட் போய்விட்டது' என்று எழுதிவிட்டு எழும்பிப் போனேனே, கரண்ட் போகவில்லை மச்சான். மேசையில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. 'பரவாயில்லை, கெட்ட நேரம்' என்று நீ எழுதியிருந்தாய். அந்தச் சொல்தான் என்னைக் குடைந்தது, ஏனென்றால் நேரம் ஒன்றும் கெட்டதில்லை, நான் கேட்ட கேள்வி பிழை. அதை உனக்குச் சொல்லாமல் அடுத்த ஆட்டத்துக்கு உட்கார மனம் வரவில்லை, எப்படிச் சொல்வது என்று யோசித்தே மூன்று மாதம் போய்விட்டது.

கையைத் திரும்பவும் பார். என்னிடம் ஸ்பேடில் ஏஸ், கிங், 10, 7, 5, 3. ஹார்ட்டில் கிங், குயின் இரண்டே சீட்டு. டைமனில் 7, 4. கிளப்பில் ஏஸ், கிங், 6. உன்னிடம் ஸ்பேடில் குயின், ஜாக், 8, 2. ஹார்ட்டில் ஏஸ், ஜாக், 6, 3. டைமனில் குயின், 9, 5. கிளப்பில் குயின், 2. ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1 என்று எண்ணினால் எனக்கு 19 புள்ளி, உனக்கு 12, மொத்தம் 40இல் 31 நம் பக்கம். நான் 1 ஸ்பேட் சொன்னேன், நீ 3 ஸ்பேட் என்று உயர்த்தினாய், நான் மூச்சுக்கூட விடாமல் 4 நோ டிரம்ப், உன்னிடம் எத்தனை ஏஸ் என்ற கேள்வி. நீ 5 டைமன், அதாவது ஒரு ஏஸ். நம்மிடம் மூன்று, வெளியே ஒன்று, போனால் ஒரு பிடிதானே என்று 6 ஸ்பேடில் போய் நின்றேன். மேற்கே இருந்தவர் டைமன் ஏஸைப் போட்டார், அடுத்தது டைமன் கிங்கைப் போட்டார், கதை முடிந்தது.

வயிறு எரிகிற விஷயம் என்னவென்றால், அவர் வேறு எதைப் போட்டுத் தொடங்கியிருந்தாலும் 13 பிடியும் நமக்குத்தான். உன் ஹார்ட் ஏஸிலும் ஜாக்கிலும் என்னுடைய இரண்டு டைமனையும் எறிந்திருப்பேன். அதை வைத்துத்தான் நீ கெட்ட நேரம் என்கிறாய். ஏஸையும் கிங்கையும் ஒரே கையில் வைத்துக்கொண்டிருக்கிறவர் வேறு எதைப் போடுவார், சொல் பார்ப்போம்? 4 ஸ்பேடில் நின்றிருந்தால் 11 பிடி, ஆட்டக் கணக்கில் 650. நமக்குக் கிடைத்தது மைனஸ் 100. ஒரே கையில் 750 போனது.

எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: டைமனில் உன்னிடம் ஏஸோ கிங்கோ, இல்லை ஒற்றைச் சீட்டோ இருக்கிறதா? அதைக் கேட்க 4 நோ டிரம்ப்புக்கு வாய் இல்லை. 1933இல் இண்டியானாபொலிஸ்காரர் ஈஸ்லி பிளாக்வுட் கண்டுபிடித்துக் கொடுத்தது எண்ணிக்கைக் கேள்வி. எத்தனை ஏஸ் என்று சொல்லும், எந்த ஏஸ் என்று சொல்லாது. ஏதாவது ஒரு இனத்தில் இரண்டு சின்னச் சீட்டு வெறுமனே கிடக்கும்போது அதைக் கேட்டால் கிடைக்கிற பதிலால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு இனத்தில் சீட்டே இல்லாமல் இருக்கும்போதும் அப்படித்தான், உன்னுடைய ஏஸ் அந்த இனத்தில் இருந்தால் எனக்கு அது செத்த ஏஸ். இவ்வளவு காலமும் நாம் 4 நோ டிரம்ப்பை ஸ்லாமுக்கு, அதாவது 12, 13 பிடிக்கு, போகிற பஸ் மாதிரி பாவித்தோம். அது கடைசி நிமிடத்தில் பிரேக் போட வைத்திருக்கிற சாமான், மச்சான்.

இப்போது இதே கையை இப்படிச் சொல்லிப் பார். 1 ஸ்பேட், 3 ஸ்பேட். துரும்பு முடிவாகிவிட்டது, இனி எந்த இனத்தைச் சொன்னாலும் அது துரும்பு தேடுகிற பேச்சில்லை. நான் 4 கிளப் சொல்கிறேன்: கிளப்பில் முதல் இரண்டு பிடியும் ஓடிப்போகாமல் என்னிடம் காவல் இருக்கிறது. அடுத்தது டைமன். உன்னிடம் அங்கே காவல் இருந்தால் 4 டைமன் சொல்லியிருக்க வேண்டும். நீ அதைத் தாண்டி 4 ஹார்ட் சொல்கிறாய். அவ்வளவுதான், டைமன் வாசலில் உன்னிடமும் ஆள் இல்லை, என்னிடமும் இல்லை. நான் 4 ஸ்பேட் சொல்லி நிற்கிறேன், 650ஐ எழுதிக்கொண்டு அடுத்த கைக்குப் போகிறோம். நீ சொன்ன 4 ஹார்ட்டை விட நீ சொல்லாமல் விட்ட 4 டைமன்தான் எனக்குப் பெரிய செய்தி. இத்தாலிக்காரர் உலகத்தையே அடித்த காலத்தில் இப்படித்தான் கீழிருந்து மேலே ஏஸையும் கிங்கையும் ஒன்றாகவே காட்டிப் பேசினார்களாம், நமக்கு பிரிட்ஜ் பழக்கின மாஸ்டர் சொன்னார். அவர் இதை நமக்கு 2009இலேயே சொன்னவர். நாம்தான் 304 சீட்டாட்டப் புத்தியோடு கேட்டோம்.

அந்த 304 புத்தியை நான் குறை சொல்லவில்லை. நாலு சீட்டைப் பார்த்துவிட்டு 160 கேட்டு, துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு மற்ற நாலு சீட்டுக்குக் காத்திருக்கிற அந்தத் துணிச்சல் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே கேள்வி வெறும் தொகை. சோடிக்கு நீ ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. பிரிட்ஜில் வாயில் இருப்பது மொத்தமே பதினைந்து சொல்: ஒன்று முதல் ஏழு வரை, நாலு இனம், நோ டிரம்ப், பாஸ், டபிள், ரீடபிள். இந்தப் பதினைந்தை வைத்துக்கொண்டு 26 சீட்டைப் பற்றி இரண்டு பேர் பேசி முடிக்க வேண்டும். நாம் அதில் மூன்று சொல்லைச் செலவழித்துவிட்டு ஓடிப்போய் ஸ்லாமில் விழுந்தோம்.

இப்போது உண்மையான புதினம். சின்னவள் பிரிட்ஜ் விளையாடுகிறாள்! சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தவளை மாஸ்டர் பிடித்து உட்கார்த்திவிட்டார். ஞாயிறு பின்னேரம் நம் விறாந்தையில் மேசை. நாலாவது ஆள் கண்டியிலிருந்து மாற்றலாகி வந்த வங்கிக்காரர், அவருக்குத் தமிழ் இப்போதுதான் வருகிறது, எங்களுக்குச் சிங்களம் அரைகுறை, ஆனால் சீட்டைப் பிரித்தால் நாலு பேரும் ஒரே பாஷை. மாஸ்டருக்குக் கை நடுங்குகிறது. முதிரைக் கட்டை ஒன்றில் நீளமாக வாள்வெட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதற்குள் 13 சீட்டையும் நிறுத்தி வைத்துக்கொண்டு, எடுக்க வேண்டிய சீட்டை மட்டும் இரண்டு விரலால் மெல்ல மேலே இழுக்கிறார். சீட்டு அந்த வெட்டில் உரசுகிற சத்தம் கேட்டால்தான் எங்களுக்குத் தெரியும் அவர் முடிவெடுத்துவிட்டார் என்று.

போன ஞாயிறு எனக்கு ஸ்பேடில் ஏஸ், கிங், 9, 6, 4. ஹார்ட்டில் ஏஸ், 8. டைமனில் 8, 7, 5, 3. கிளப்பில் ஏஸ், 4. 1 ஸ்பேட் சொன்னேன். எதிரே சின்னவள் கொஞ்சமும் பதறாமல் 4 டைமன் என்றாள். இரண்டு படி தாண்டிக் குதித்து ஓர் இனத்தைச் சொன்னால் ஸ்ப்ளின்டர்: துரும்பில் நாலு சீட்டு இருக்கிறது, சொன்ன இனத்தில் ஒன்றோ பூச்சியமோதான் இருக்கிறது. நான் என் டைமனைப் பார்க்கிறேன். நாலும் குப்பைச் சீட்டு. வேறு நாளாக இருந்தால் அந்த நாலையும் பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பேன், அன்றைக்கு அதுதான் எனக்குத் தங்கம், ஏனென்றால் என்னுடைய 15 புள்ளியில் ஒன்றுகூட டைமனில் வீணாகிக் கிடக்கவில்லை. அவளிடம் ஒற்றை டைமன் என்றால் அங்கே ஒரு பிடிதான் போகும், மிச்சத்தை அவளுடைய துரும்பால் வெட்டலாம்.

இப்போது 4 நோ டிரம்ப் கேட்டேன், நீ சிரிக்காதே, இங்கே அது சரியான கேள்வி. நாலு இனத்திலும் காவல் இருப்பது தெரிந்துவிட்டது, இனி எண்ணிக்கைதான் மிச்சம். மாஸ்டர் பழகித் தந்த 1430 முறையில் நாலு ஏஸும் துரும்பு கிங்கும் சேர்த்து ஐந்து சாவி. 5 கிளப் என்றால் ஒன்று அல்லது நாலு, 5 டைமன் என்றால் சைபர் அல்லது மூன்று. அவள் 5 டைமன் சொன்னாள். நாலு சாவி என் கையில், ஆகவே அவளிடம் சைபர், வெளியே இருப்பது டைமன் ஏஸ் மட்டும். 5 ஹார்ட் சொல்லித் துரும்பு குயினைக் கேட்டேன். 6 கிளப் என்றாள்: குயின் இருக்கிறது, கூடவே கிளப் கிங்கும் இருக்கிறது. 6 ஸ்பேட்.

மாஸ்டர் டைமனில் ஒரு பிடி எடுத்துவிட்டு உடனே துரும்பைப் போட்டார், அவள் வெட்டப்போவதைக் குறைக்க. பிடித்தேன், இரண்டு டைமனை வெட்டினேன், ஒன்றை அவளுடைய ஹார்ட் குயினில் எறிந்தேன், 12 பிடி. அவளிடம் இருந்தது 11 புள்ளி. மொத்தம் 26! 31 புள்ளியோடு நாம் விழுந்தோம், 26 புள்ளியோடு இவள் ஏறினாள். வங்கிக்காரர் சீட்டை விரித்துப் போட்டு இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார்.

ஸ்லாம் என்றால் 33 புள்ளி வேண்டும் என்று நீ சொல்லிக்கொண்டே இருப்பாய். அது இரண்டு கையும் சமனாகப் பரவிக் கிடக்கிற நோ டிரம்ப்புக்கு. துரும்பும் ஒற்றைச் சீட்டும் இருக்கிற இடத்தில் அந்தக் கணக்கு ஓடாது. பயத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, பார்: போனஸும் தண்டனையும் கூடுகிற வல்னரபிளில் 6 ஸ்பேட் செய்தால் 1430, அதே 12 பிடியை 4 ஸ்பேடில் எடுத்தால் 680, வித்தியாசம் 750. ஒன்றால் விழுந்தால் 650ஐயும் இழந்து 100உம் கட்டுகிறாய், அதுவும் 750. ஆகவே பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தாலே சின்ன ஸ்லாமுக்குப் போகலாம். 13 பிடியும் கேட்கிற கிராண்ட் ஸ்லாம் வேறு கதை, அங்கே மூன்றில் இரண்டு பங்கு நிச்சயம் இல்லாமல் வாயைத் திறக்காதே.

இன்னொன்று, இதை எழுதத்தான் நான் இவ்வளவு சுற்றினேன் என்று வைத்துக்கொள். அன்றைக்கு நாம் போனையும் திறந்து வைத்துக்கொண்டு விளையாடினோம். 5 டைமன் சொல்லுமுன் நீ ஒரு மூச்சு இழுத்தாய், எனக்குக் கேட்டது. உனக்குப் பயம் என்று தெரிந்தது. அதைக் கேட்டு 5 ஸ்பேடில் நின்றிருந்தால் தப்பியிருப்போம், ஆனால் அது நாம் களவெடுத்த 650 ஆக இருந்திருக்கும். மெனிக் பாம் அகதி முகாமில் அந்தச் சீட்டுக்கட்டு ஞாபகம் இருக்கிறதா? கிளப் 7 தொலைந்து, பால்மாப் பெட்டி மட்டையை வெட்டி, பேனையால் எழுதி வைத்திருந்தோமே. கவிழ்த்து வைத்தாலும் யாரிடம் இருக்கிறதென்று நாலு பேருக்கும் தெரியும். அந்தக் கூடாரத்துக்குள், அந்த வெயிலில், யாரும் அதை வைத்து ஒரு பிடியும் எடுத்ததில்லை. மாஸ்டர் சொன்னது ஒரே ஒரு தரம்: பார்க்காதது மாதிரி விளையாட ஏலாதவன் எழும்பலாம். தண்ணீர் வரிசைக்கு நின்ற ஆட்கள், சாமான் ஒன்றும் மிஞ்சாத ஆட்கள், அதில் நேர்மையாக இருந்தோம். இப்போது நல்ல கதிரையில் இருந்துகொண்டு உன் மூச்சைக் கேட்டு விளையாடினால் எனக்குப் பொறுக்காது. இனி ஆட்டம் முடிந்த பிறகு போன் எடுப்போம்.

நமக்கு வயது போய்விட்டது, புதிது பழக ஏலாது என்று மட்டும் எழுதாதே. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு பிரிட்ஜில் தங்கம் எடுத்த பிரணாப் பர்தனுக்கு 60 வயது, அவருடைய சோடி சிப்நாத் சர்காருக்கு 56. நீ அவர்களுக்கு இளையவன், முடிதான் இல்லை.

ஆகவே எனக்கு நீ எழுத வேண்டியது இதுதான்: துரும்பு முடிவான பிறகு நாலாம் படியில் காவல் காட்டுவதற்குச் சம்மதமா, ஏஸையும் கிங்கையும் ஒன்றாகக் காட்டலாமா, இல்லை முதலில் ஏஸ் மட்டும்தானா? எனக்கு ஒன்றாகக் காட்டுவதுதான் விருப்பம். 1430 சரியா? ஸ்ப்ளின்டரில் ஒற்றை ஏஸ் இருந்தால் சொல்வதா விடுவதா? நான் விடலாம் என்கிறேன், மாஸ்டர் சொல்லலாம் என்கிறார், உன் வாக்குத்தான் தீர்ப்பு.

வருகிற சனிக்கிழமை இங்கே இரவு 8 மணி, உனக்குக் காலை பத்தரை. இணையத்தில் பிரிட்ஜ் பேஸ் தளத்தில் பழைய பெயரிலேயே வருகிறேன். மாஸ்டர் பக்கத்தில் இருந்து பார்ப்பார், வாய் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். கண் தெரிவது குறைந்துகொண்டு வருகிறது அவருக்கு, சீட்டைப் பெரிதாக்கி வைக்கிறேன் என்றேன். 'அவன் வாறானா, அதைச் சொல்லு முதல்' என்றார்.

அன்புடன்,
உன் மச்சான்
மாங்குளம்

பி.கு.: சின்னவள் கேட்கச் சொன்னாள், உங்கள் சோடிக்கு மூன்றாவது ஆள் தேவையென்றால் தான் தயாராம். அவளுக்குப் பதிலைத் தனியாக எழுது.